ஆயுதங்களைப் பற்றி வகுப்பில் எதுவரை கற்பிக்கலாம்? சட்டம் எங்கே கோடு போடுகிறது?

கேள்வி: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். ஹாலஜன்கள் பாடம் முடிந்ததும், முதல் உலகப் போரில் நச்சு வாயுக்கள் பயன்படுத்தப்பட்ட வரலாற்றை இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம் என்று திட்டக் குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை குளோரினைத் திறந்துவிட்டது, அந்தத் தாக்குதலுக்கு வழிகாட்டிய ஃபிரிட்ஸ் ஹேபரே அம்மோனியாத் தொகுப்புக்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றது, 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் ஆகியவையே அந்தக் குறிப்பில் இருந்தவை.

குறிப்பு திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில், "ஆயுதப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எவரேனும் புகார் செய்தால் என்ன செய்வது? சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதை எழுத்தில் தரவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவருடைய அச்சத்தை நான் குறைசொல்லவில்லை. புகார் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் குளோரினை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறை பாடநூலிலேயே இருக்கிறது. அதைக் கற்பிப்பது என் கடமை என்றும், அதே வாயு மனிதர்களை என்ன செய்தது என்று சொல்வது மட்டும் ஆபத்தானது என்றும் கொள்வது எனக்கு விளங்கவில்லை.

எந்த நாட்டிலாவது அறிவைக் கற்பிப்பதையே குற்றமாக்கும் சட்டம் உண்டா? ஆசிரியரின் நோக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா? பள்ளி என்பதால் விதிகள் மாறுபடுமா? இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். எங்கள் கணினி ஆசிரியர், முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கிப் பாகம் ஒன்றை அச்சிடலாமா என்று ஒரு மாணவன் கேட்டதாகச் சொன்னார். அது எந்த வகையில் சேரும்?

பதில்: சட்டநூல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கற்பித்தலைத் தொடும் குற்றவியல் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினீர்கள் என்பதைவிட, எதற்காக, யாருக்கு, எந்த அளவு நுணுக்கமாகச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதையே அவை பெரும்பாலும் பார்க்கின்றன.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 842ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் ஓக்லஹோமா நகரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் எழுந்த நீண்ட விவாதத்தின் முடிவில், 1999இல் அதில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. வெடிபொருளையோ பேரழிவு ஆயுதத்தையோ செய்யவும் பயன்படுத்தவும் கற்பிப்பதை அது இரண்டு நிலைகளில் மட்டுமே குற்றமாக்குகிறது. கற்பிப்பவர், அந்த அறிவு ஒரு வன்முறைக் குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு கற்பிப்பது முதல் நிலை. தம்மிடம் கற்கும் குறிப்பிட்ட அந்த நபர் அத்தகைய குற்றத்துக்கு அதைப் பயன்படுத்தப் போகிறார் என்று தெரிந்திருந்தும் கற்பிப்பது இரண்டாம் நிலை. தண்டனை 20 ஆண்டுகள் வரை செல்லும் என்பதால் இதை இலேசான சட்டம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இவ்விரண்டு நிலைகளில் எதிலும் உங்கள் ஈப்ர பாடம் அடங்காது.

பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. அதன் 54ஆம் பிரிவு, துப்பாக்கி, வெடிபொருள், இரசாயன, உயிரியல், அணு ஆயுதங்கள் ஆகியவற்றைச் செய்யவோ பயன்படுத்தவோ பயிற்சியளிப்பதைக் குற்றம் என்று முதலில் அகலமாகச் சொல்லிவிட்டு, பயங்கரவாதத்துக்கு உதவுவது தவிர்த்த வேறு நோக்கத்துக்காக மட்டுமே செய்ததாக நிறுவினால் அதை எதிர்வாதமாக ஏற்கிறது. அந்த நோக்கத்துக்கான சான்றைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்வைத்துவிட்டால், அதை ஐயத்துக்கு இடமின்றி மறுத்து நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புக்குப் போய்விடும் என்பதை அதே சட்டத்தின் 118ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் 2009இல் சேர்க்கப்பட்ட 91ஆம் பிரிவு, அரசைக் குலைக்கும் கடும் வன்முறைக்கு வழிகாட்டும் எழுத்துகளைத் தண்டிக்கிறது. ஆயினும் குடிமைக் கல்வி, ஆராய்ச்சி, கற்பித்தல், கலை, வரலாற்று நிகழ்வுகளைப் பற்றிய செய்தியளிப்பு ஆகியவற்றுக்கு அந்தப் பிரிவுக்குள்ளேயே விலக்கு எழுதப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டுப் பயங்கரவாத எதிர்ப்பு நெறியாணையின் 7ஆம் கூறும், பயிற்சி எதற்குப் பயன்படப் போகிறது என்பதைத் தெரிந்தே அளிப்பதைத்தான் குற்றமாக வரையறுக்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது வேறொரு வரையறை. பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி செய்வதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம், பயிற்சி என்பது பொது அறிவைத் தருவதிலிருந்து வேறுபட்டது என்றும், ஒரு குறிப்பிட்ட திறனை ஊட்டுவதற்காக வடிவமைக்கப்பட்ட கற்பித்தலே பயிற்சி என்றும் சொல்கிறது. ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளும் அதே திசையில்தான் நிற்கின்றன. அமெரிக்க விதிகள், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வழக்கமாகக் கற்பிக்கப்படும் பொது அறிவியல், கணித, பொறியியல் கொள்கைகளைக் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத் தரவிலிருந்து விலக்கிவிடுகின்றன. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்நுட்பம் என்பதை வரையறுக்கும்போதே, பொதுவெளியில் உள்ள தகவலை நீக்கிவிட்டுத்தான் வரையறுக்கிறது.

எனவே தலைமையாசிரியருக்குத் தரும் விடையை, பொது அறிவுக்கும் குறிப்பிட்ட திறனுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டின் மீது கட்டலாம். குளோரின் நுரையீரலை எப்படிச் சிதைத்தது என்பது பொது அறிவு. அதைப் பெருமளவில் எப்படி நிரப்புவது, எப்படிப் பரப்புவது என்பது திறன்.

பதில்: எதிர்வழக்கு

மேலே எழுதியவர் சொன்னவை சரியானவையே. ஆனால் நோக்கம் தூயதாக இருந்தால் போதும் என்ற நிம்மதியோடு ஆசிரியை போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கற்பித்தலைத் தண்டிக்கும் சட்டங்கள் நோக்கத்தைத் தேடுகின்றன. கைவசம் வைத்திருப்பதைத் தண்டிக்கும் சட்டங்கள் எல்லா இடங்களிலும் தேடுவதில்லை.

அதே பிரிட்டன் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலுக்குத் தயாராகும் ஒருவருக்குப் பயன்படக்கூடிய வகைத் தகவலைத் திரட்டுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நியாயமான காரணம் இருந்தது என்பது பின்னால் சொல்ல வேண்டிய எதிர்வாதம். 2008இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதத்தை ஆய்வுப் பொருளாக எடுத்திருந்த முதுநிலை மாணவர் ஒருவரும், அவருக்காக ஓர் ஆவணத்தை அச்செடுக்க முயன்ற ஊழியர் ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆவணம் அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்த ஒன்று. பல நாள் காவலுக்குப் பின் பயங்கரவாதக் குற்றச்சாட்டு எதுவும் பதியாமல் விடுவிக்கப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் காவலில் கழிந்த நாட்களை எந்த எதிர்வாதமும் திருப்பித் தராது. கல்வி ஆராய்ச்சியும் இதழியலும் நியாயமான காரணங்களுள் அடங்கும் என்று அந்தப் பிரிவில் வெளிப்படையாக எழுதப்பட்டது 2019இல்தான். கவனியுங்கள், அங்கே சொல்லப்பட்டிருப்பது ஆராய்ச்சி. பள்ளி வகுப்பறை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

கணினி ஆசிரியரின் பிரச்சினை இதே வகையில் சேருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2015இல் தன் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தி, முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி செய்யப் பயன்படும் எண்ணிம வரைபடத்தை உரிய அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுகள். அச்சிட்டாரா, சுட்டாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இப்படியொரு சட்டம் இருக்கும் இடத்தில், மாணவன் ஆர்வத்தில் பதிவிறக்கிய கோப்பு பள்ளிக் கணினியில் கிடந்தால், அது யாருடைய கைவசம் என்று முதலில் விசாரிக்கப்படுவது ஆய்வகப் பொறுப்பாளராகத்தான் இருக்கும்.

பொதுவெளியில் உள்ள தகவல் பாதுகாப்பானது என்ற வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டப்படி, அணு ஆயுத வடிவமைப்பு பற்றிய தரவு யார் எழுதினாலும் பிறக்கும்போதே இரகசியம் என்று அரசு வாதிட்டு வந்திருக்கிறது. 1979இல் 'புரோகிரசிவ்' இதழ், வெளிப்படையாகக் கிடைத்த செய்திகளைக் கொண்டே ஹைட்ரஜன் குண்டு பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட முனைந்தபோது, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே செய்திகள் வேறோர் இடத்தில் வெளியாகிவிட்டதால் அரசு வழக்கைக் கைவிட்டது. ஆகவே அந்தச் சட்ட வாதம் வென்றதா தோற்றதா என்பது முடிவு காணாமலே நின்றுவிட்டது.

பதில்: மணியடித்தாயிற்று

இருவரும் குற்றவியல் சட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பள்ளியைப் பிடிக்கும் கயிறு பெரும்பாலும் அங்கிருந்து வருவதில்லை. நிதியிலிருந்தும் பணி விதியிலிருந்தும் வருகிறது. பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்தவர்களுக்கு இது தெரியும். அண்மைக் காலத்தில் இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் நடந்தது. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒரு சட்ட வாசகம் வகுப்பறைக்குள் வந்து என்ன செய்யும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

2022 மே மாதத்தில் டெக்சஸ் மாநிலத்தின் யூவால்டி நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றின. பள்ளிக் கல்விக்குக் கூட்டாட்சி அரசு நிதி வழங்க அடிப்படையான 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஒரு வரியைச் சேர்த்தது. எவருக்கும் ஆபத்தான ஆயுதத்தை வழங்கவோ, அதைப் பயன்படுத்தப் பயிற்சி தரவோ இந்த நிதியைச் செலவிடக் கூடாது என்பதே அந்த வரி. ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கக் கல்வி நிதி போய்விடக் கூடாது என்பது அதன் பின்னணியாகப் பலராலும் சொல்லப்பட்டது.

ஆனால் ஆபத்தான ஆயுதம் என்றால் என்ன? அதற்கு வேறொரு குற்றவியல் பிரிவின் வரையறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டினார்கள். உயிரிழப்பையோ கடும் உடற்காயத்தையோ விளைவிக்கப் பயன்படும், அல்லது எளிதில் விளைவிக்க வல்ல எந்தக் கருவியும், எந்தப் பொருளும் அதில் அடங்கும். இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகு கொண்ட பைக்கத்தி மட்டும் விலக்கு. கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குள் எதைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வரையறை அது. வாயிற்காவலருக்குப் பொருந்திய அந்த அளவுகோலை எடுத்து ஆசிரியரின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

விளைவு எளிதில் ஊகிக்கத் தக்கது. 2023இல் கல்வித்துறை அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்து, வில்வித்தை வகுப்புகளுக்கும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் இந்த நிதியைப் பயன்படுத்த இயலாது என்றது. அம்பு எளிதில் உயிரைப் பறிக்கும் என்பதை யார் மறுக்க முடியும்? சமையற்கலை வகுப்பில் காய்கறி நறுக்கும் கத்தியின் அலகும் இரண்டரை அங்குலத்தைத் தாண்டும் என்பதால், அந்த வகுப்பு என்னவாகும் என்ற கேள்வியும் எழுந்தது. இறுதியில் நாடாளுமன்றம் தானே திருத்த வேண்டியதாயிற்று. பிரதிநிதிகள் சபையில் 424 பேர் ஆதரித்தனர், ஒருவர் மட்டும் எதிர்த்தார். செனட் ஒருமனதாக ஏற்றது. 2023 அக்டோபர் 6 அன்று கையெழுத்தாயிற்று. வில்வித்தை, வேட்டை, பிற சுடுதல் விளையாட்டுகள், சமையற்கலை போன்ற கல்வி வளமூட்டும் செயல்பாடுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று இப்போது அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

இதில் எவர்மீதும் வழக்கில்லை, எவரும் கைதாகவில்லை. பணம் நிற்கும் என்ற அறிவிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. உங்கள் தலைமையாசிரியர் அஞ்சுவதும் இந்த வகை அதிகாரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பணி விதியைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு உள்ள கல்விச் சுதந்திரம் பள்ளி ஆசிரியருக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. அரசு ஊழியர் தம் பணிக் கடமையின் பகுதியாகப் பேசுவதற்கு அரசமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. கற்பித்தலும் ஆராய்ச்சியும் அதில் அடங்குமா என்பதை அந்தத் தீர்ப்பு திறந்தே வைத்தது. 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் இளநிலை மாணவர், பொதுவில் கிடைத்த ஆவணங்களை மட்டும் கொண்டு அணுகுண்டு வடிவமைப்பு பற்றிப் பருவக் கட்டுரை எழுதினார். வழிகாட்டியவர் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். அவர் அதற்கு உயர்ந்த மதிப்பெண்ணும் அளித்தார். அதே வேலையை ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால், குற்றவியல் சட்டம் அசையுமுன்பே நிர்வாகம் அசைந்திருக்கும்.

பதில்: சோதனைக்குழாய்

நானும் வேதியியல் ஆசிரியன்தான். சட்ட நுணுக்கம் என் துறையன்று. வகுப்பில் எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் சொல்கிறேன். விளைவு, வரலாறு, உடலியல், ஒப்பந்தம், ஆய்வாளரின் பொறுப்பு ஆகியவற்றைத் தயங்காமல் நடத்தலாம். அளவு, செறிவு, மூலப்பொருள் எங்கே கிடைக்கும், எப்படிச் சேமிப்பது, எப்படிப் பரப்புவது ஆகிய எதையும் தொட வேண்டியதில்லை. தேர்விலும் அவை வராது, புரிதலுக்கும் உதவாது. பாடநூலில் உள்ள குளோரின் தயாரிப்பைப் பாடநூல் சொல்லும் அளவிலும் சூழலிலும் ஹாலஜன் பாடத்தில் நடத்திவிடுங்கள். ஆயுத வரலாற்றுப் பாடவேளையில் அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் மீண்டும் எழுதாதீர்கள். இரண்டும் ஒரே மணிநேரத்தில் ஒரே பலகையில் இருந்தால், நாளை எடுக்கப்படும் ஒரு கைப்பேசிப் படத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே இரசாயனப் பொருள் நன்மைக்கும் தீமைக்கும் பயன்படுவதைக் கற்பிக்க, இரசாயன ஆயுதத் தடை அமைப்பே ஆசிரியர்களுக்கென்று கற்பித்தல் கருவிகளை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. 2013இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு அது. உறுப்பு நாடுகள் அறிவித்திருந்த 72,000 டன்னுக்கு மேற்பட்ட இரசாயன ஆயுதக் கையிருப்பு முழுவதும் அழிக்கப்பட்டதை 2023 ஜூலையில் அது உறுதிசெய்தது. ஆயுதக் குறைப்பைக் கண்காணிக்கும் அமைப்பே பள்ளிக்குக் கொண்டுபோகச் சொல்லும் பாடம் என்பதைத் தலைமையாசிரியரிடம் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மறுமொழி: கரும்பலகை

அனைவருக்கும் நன்றி. வில்வித்தைக் கதையைத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் உடனே, "அப்படியானால் நான் கேட்டது சரிதானே" என்றார். ஒரு நுட்பம் மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. கற்பவர் குற்றத்துக்குப் பயன்படுத்தப் போகிறார் என்று தெரிந்தே கற்பிப்பது குற்றம் என்று சட்டநூல் எழுதியிருந்தார். பாடம் முடிந்த பிறகும் ஒரு மாணவன் தொடர்ந்து தயாரிப்பு முறையையே கேட்டுக்கொண்டிருந்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று சட்டம் கருதுமா?

பதில்: சட்டநூல்

கருதாது. அந்தச் சட்டம் கேட்பது ஐயத்தை அன்று, குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட நோக்கத்தைப் பற்றிய அறிவை. பதினாறு வயதில் வெடிப்பையும் நஞ்சையும் பற்றிக் கேட்காத மாணவர் அரிது. அந்த ஆர்வத்தைக் குற்றமாகப் படித்தால் வேதியியல் வகுப்பே நடக்காது. "இன்னாரை இப்படிச் செய்யப் போகிறேன்" என்று அவன் சொன்னாலோ, எழுதினாலோ நிலைமை வேறு. அதற்குப் பின் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தே சொன்னதாகிவிடும். அதைவிட முக்கியமாக, மாணவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே தெரிவிக்கும் கடமையும் உங்களுக்கு வந்துவிடும். வெறுமனே திரும்பத் திரும்பக் கேட்கும் மாணவனுக்கு, அது இந்தப் பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒரே மாதிரியான பதிலைச் சொல்லுங்கள். கேள்வியை மறுக்கும் முறையில் அவனை ஐயத்துக்குரியவனாக்க வேண்டாம். ஓர் எச்சரிக்கை உணர்வு உங்களுக்குத் தோன்றினால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பொறுப்பாளரிடம் பேசிவிடுங்கள். அது புகார் அன்று.

எதிர்வழக்கு எழுப்பிய கோப்புப் பிரச்சினையை நான் முழுமையாக ஏற்கிறேன். நண்பர் சுட்டியது வலிமையான கருத்து; கற்பித்தலில் உள்ள பாதுகாப்பு, கைவசம் வைத்திருப்பதற்கு நீளாது. ஆகவே கணினி ஆசிரியர், பள்ளிப் பொறியில் அச்சிடும் ஒவ்வொரு கோப்பும் முதலில் தம் பார்வைக்கு வர வேண்டும் என்றும், ஆயுதப் பாகங்களின் வரைபடம் எதுவும் பள்ளிக் கணினியில் இறக்கப்படவோ சேமிக்கப்படவோ கூடாது என்றும் ஆய்வக விதியில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

தலைமையாசிரியருக்கான குறிப்பைப் பொறுத்தவரை, பாடத்தின் நோக்கத்தை ஒரு பத்தியில் எழுதுங்கள். நடத்தப்போகும் தலைப்புகளையும், சோதனைக்குழாய் சொன்னபடி வேண்டுமென்றே விடப்படும் தலைப்புகளையும் அடுத்த பத்தியில் எழுதுங்கள். எந்தப் பாடநூல் பகுதியைச் சார்ந்தது, எந்த அமைப்பின் கற்பித்தல் கருவி பயன்படுகிறது என்பதைக் குறிப்பிடுங்கள். நோக்கம் பற்றிய சான்றைப் பின்னால் தேடுவதைவிட, பாடம் நடப்பதற்கு முன்னரே தேதியிட்ட தாளில் இருப்பது எந்தச் சட்ட முறையிலும் மதிப்புள்ளது. உங்கள் பகுதியின் கல்வித்துறை விதிகளையும் நிதி நிபந்தனைகளையும் அவரே சரிபார்த்து, அதே தாளில் ஒப்புதல் கையெழுத்திடட்டும். வாய்மொழி ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டாம்.